தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிய வண்டுகள்

1791 நவம்பர் மாதம் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப் என்பவர் ஒரு குளக்கரைப் பனைமரத்தில் மீன் ஏறுவதைப் பார்த்தார். பட்டை இடுக்கில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. செவுள் மூடியின் முட்களை ஊன்றி, வாலை மடக்கி, துடுப்பு முட்களைக் குத்தி, கொஞ்சம் கொஞ்சமாக அந்த மீன் மேலே போய்க்கொண்டிருந்தது. தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில் அதைப் பிடித்துவிட்டார். லண்டன் லின்னியன் சங்கத்துக்கு அவர் எழுதி அனுப்பிய குறிப்பு 1797இல் அச்சாயிற்று. அதை நம்பலாமா கூடாதா என்று ஐரோப்பாவில் அடுத்த நூறு ஆண்டும் வாதாடினார்கள். பனையேறிக் கெண்டை என்று சொல்லிப் பழகிய நம் ஊர்க்காரர்களைக் கேட்டிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும்.

மீன் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதே டால்டார்ஃப் பெட்டி பெட்டியாகப் பூச்சிகளையும் சேர்த்தார் என்பதை எழுதியவர்கள் குறைவு. உலகத்தில் தரை வண்டுகளுக்கு முறையாகப் பெயர் வைக்கத் தொடங்கிய காலத்தில், அந்த வேலைக்குச் சரக்கு போன துறைமுகங்களில் ஒன்று நம்முடைய தரங்கம்பாடி. நான் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வகைப்பாட்டியல் பாடம் பெரும்பாலும் என்னிடம்தான் வரும். தரை வண்டுக் குடும்பத்தைக் காராபிடே என்று பரீட்சைத்தாளில் எழுதும் பிள்ளைகளுக்கு, அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய ஓர் ஊரின் பெயர் இருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அதற்காகவே இந்த வரலாற்றை விடாமல் சொல்லி வந்தேன்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1706இல் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கினார். 1845இல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டேனிஷ் குடியிருப்புகளை ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள். இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே வந்துவிடுகிறது. எனக்கு வேண்டியது நடுவில் உள்ள ஒரு முப்பது ஆண்டுக் காலம்: 1768இலிருந்து 1800 வரை.

1768இல் மிஷன் மருத்துவராக யோஹான் கெர்ஹார்டு கோனிக் தரங்கம்பாடிக்கு வந்தார். பால்டிக் கரையோர லிவோனியாவில் பிறந்தவர். உப்சாலாவில், உயிரினப் பெயரிடலுக்கு முறை வகுத்த லின்னேயஸிடமே படித்தவர். ஊசியும் காகிதமும் பூதக்கண்ணாடியுமாக ஊர் சுற்றிய முதல் லின்னேய மாணவர் இந்தக் கரைக்கு இவர்தான். மிஷன் கொடுத்த சம்பளம் அவருடைய தாவர ஆசைக்குப் போதவில்லை. 1774இல் ஆற்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனார், சயாம், மலாக்கா வரை அலைந்தார். 1785இல் காக்கிநாடா அருகே இறந்தார். கடைசி நாட்களில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் தாவரவியலாளர் ராக்ஸ்பரோ.

கோனிக் எழுதியவற்றில் நான் மிகவும் மதிப்பது தஞ்சைச் சீமைக் கரையான்களைப் பற்றிய கட்டுரை. 1779இல் பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் இதழில் ஜெர்மன் மொழியில் வந்தது. பின்னாளில் ஃபிளெட்சர் என்ற பூச்சியியலாளர் அதை ஆங்கிலத்தில் கொடுத்தார். ஈசல் பிடிப்பதை அதில் கோனிக் விவரித்திருக்கிறார். புற்றில் இரண்டு துளை போடுகிறார்கள். ஒன்று காற்று வரும் பக்கம், மற்றது அதற்கு எதிர்ப்பக்கம். காற்று வரும் பக்கத் துளையில் புகை போட, எதிர்ப்பக்கத் துளையில் வாசனைத் தழை தேய்த்த பானைக்குள் ஈசல் வந்து விழுகிறது. வறுத்து, மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து மலிவாக விற்கிறார்கள். அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றுக்கடுப்பு வரும் என்றும் எழுதியிருக்கிறார், வைத்தியர் அல்லவா! இதை எழுதிய மனிதர் புற்றுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார், பிடித்தவர்களிடம் பேசியிருக்கிறார். பூச்சி எப்போது வெளியே வருகிறது, எதனால் வருகிறது, யார் அதைத் தேடிப் போகிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அவருக்குக் கரையான்.

வண்டுகளின் கதை இப்படி அமையவில்லை. அவை கோபன்ஹேகனுக்கும் கீலுக்கும் லண்டனுக்கும் உலர்ந்த உடலாகப் போய்ச் சேர்ந்தன.

அங்கே உட்கார்ந்து பெயர் வைத்தவர் யோஹான் கிறிஸ்டியன் ஃபப்ரிஷியஸ். கோனிக்கைப் போலவே லின்னேயஸின் மாணவர். 1745இல் பிறந்தவர், கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், ஏறக்குறைய 10,000 பூச்சி இனங்களை விவரித்தவர். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. லின்னேயஸ் பூச்சிகளைச் சிறகை வைத்துப் பிரித்தார். ஃபப்ரிஷியஸ் வாயை வைத்துப் பிரித்தார். தாடை எப்படி, கீழுதடு எப்படி, அதிலிருந்து நீளும் உணர்முட்களில் எத்தனை கணு என்று பார்த்து இனங்களைக் கூட்டினார். எதைத் தின்கிறது என்பது வாயில் எழுதியிருக்கும், அதனால் இயற்கையான உறவும் அங்கே தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. 1775இல் முதல் பெரிய நூல். 1801இல் வண்டுகளுக்கு மட்டுமாக இரண்டு தொகுதி. இடையே 1798இல் வந்த பிற்சேர்க்கையில் தரங்கம்பாடியின் பெயரும் டால்டார்ஃபின் பெயரும் திரும்பத் திரும்ப வருகின்றன.

அந்தப் பதிவுகளின் வடிவம் ஒரே மாதிரி இருக்கும். லத்தீனில் பத்துப் பன்னிரண்டு சொல்லில் நிறமும் கோடும் புள்ளியும். பிறகு கிடைத்த ஊர். பிறகு கொடுத்தவர் பெயர், அல்லது யாருடைய அலமாரியில் இருக்கிறது என்ற குறிப்பு. கோபன்ஹேகனில் செஹஸ்டெட், டூன்டர் லுண்ட் என்ற இரு அதிகாரிகள் பெரிய பூச்சித் தொகுப்பு வைத்திருந்தார்கள். டால்டார்ஃபின் சரக்கு பலவும் அங்கே சேர்ந்தது. ஈர மண்ணில் கிடைத்ததா, வரப்பிலா, கடற்கரை மணலிலா, பகலில் வந்ததா, விளக்கைத் தேடி வந்ததா என்பதற்கு அந்த வடிவத்தில் இடமே இல்லை. கோனிக்கின் கரையான் கட்டுரையை ஒரு பக்கமும் இந்தப் பதிவுகளை மறுபக்கமும் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஒரே ஊர், ஒரே ஆசிரியரின் இரண்டு மாணவர்கள், ஒரே தலைமுறை. ஒருவர் உயிரை எழுதினார், மற்றவர் உடலை எழுதினார்.

ஆனால் உடலை எழுதியது சின்ன வேலை இல்லை. தரை வண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மல்லாக்கப் போட்டுப் பாருங்கள். பின்னங்கால் உடம்போடு சேரும் இடத்தில் தகடு மாதிரி ஒரு பகுதி அசையாமல் ஒட்டியிருக்கும். அது வயிற்றின் முதல் வளையத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு பின்னால் போகும். நீர்ச்சுழல் வண்டுக்கும் நீச்சல் வண்டுக்கும் இதே அமைப்பு உண்டு; அடெஃபாகா என்ற துணை வரிசையே இதை வைத்துத்தான். நூல் போன்ற உணர்கொம்பில் பதினோரு கணு. ஒவ்வொரு பாதத்திலும் ஐந்து கணு. முன்னங்காலின் உட்பக்கம் ஒரு வெட்டு, அதில் சீப்பு மாதிரி மயிர் வரிசை. உணர்கொம்பை அந்த வெட்டுக்குள் வைத்து இழுத்துத் துடைத்துக்கொள்ளும். இரவில் மோப்பமும் தொடுதலுமாக இரை தேடுகிற பிராணிக்கு உணர்கொம்பில் மண் ஒட்டினால் பிழைப்பு நடக்காது. கண்ணாடிக் குடுவையில் ஒன்றைப் போட்டு, கொஞ்சம் ஈர மண்ணும் போட்டு, மாலையில் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தத் துடைப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். வகுப்பில் என் பாடம் அந்தக் குடுவையில்தான் தொடங்கும்.

லின்னேயஸ் 1758இல் காராபஸ் என்று ஒரே பேரினத்துக்குள் அடைத்தவற்றை அடுத்த அறுபது ஆண்டில் பிரித்துக்கொண்டே போனார்கள். ஃபப்ரிஷியஸ் தானே ஸ்காரிடஸ் என்று மண் தோண்டும் வண்டுகளைத் தனியாக்கினார். 1801இல் அவருடைய மாணவர் வேபர், வெடிவண்டுகளுக்கு பிராகினஸ் என்றும், வறண்ட நிலத்துப் பெரிய வண்டுகளுக்கு ஆன்தியா என்றும் பேரினம் வகுத்தார். 1802இல் பாரிஸில் லாத்ரெய் இவற்றையெல்லாம் ஒரு குடும்பமாகக் கட்டினார். டூரினில் பொனெல்லி 1810இல் கிளேனியஸ் முதலிய பல பேரினங்களைப் பிரித்தார். வாட்டர்லூ போரில் நெப்போலியன் பக்கம் நின்ற தளபதி தெஜான் அடுத்து 1825 முதல் தொகுதி தொகுதியாக எழுதினார். இன்று அந்தக் குடும்பத்தில் சுமார் 40,000 இனங்கள். புலி வண்டுகளை அதற்குள் வைப்பதா, தனிக் குடும்பமா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. மரபணு ஆய்வுகளுக்குப் பின் தனிக் குடும்பம் என்ற கட்சிக்கு இப்போது பலம் கூடியிருக்கிறது.

ஃபப்ரிஷியஸ் 1775இல் பெயரிட்டவற்றில் ஒன்றை நம் வறண்ட காட்டு ஓரங்களில் யாரும் பார்க்கலாம். கருகருவென்று, நாலு சென்டிமீட்டர் நீளம், முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளி: மார்பு மூடியில் இரண்டு, சிறகு உறையில் நான்கு. ஆன்தியா செக்ஸ்குட்டாட்டா. டெல்டாவின் ஈர மண் அதற்கு ஒத்துவராது. புதுக்கோட்டைப் பக்கம் முட்புதர்க் காட்டில் மாணவர்களோடு போனபோதுதான் நெருக்கத்தில் பார்த்தோம். பறக்காது. ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும். பிடிக்கப் போனால் பின்பக்கத்தை உயர்த்தி ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. பிள்ளைகளைக் குனியவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வெள்ளைப் புள்ளிகள் அழகுக்காக இல்லை. தூரத்திலிருந்தே ‘கிட்டே வராதே’ என்று சொல்வதற்காக. கலஹாரிப் பாலைவனத்தில் ஒரு பல்லியின் குஞ்சு, ஆன்தியா வண்டைப் போலக் கறுப்பு வெள்ளையாகப் பிறந்து, அதைப் போலவே முதுகை வளைத்து நடக்கிறது என்று ஹியூயும் பியாங்காவும் 1977இல் எழுதினார்கள். வளர்ந்து பெரிதானதும் மணல் நிறத்துக்கு மாறி மற்றப் பல்லிகளைப் போல நடக்கிறதாம்.

எங்கள் பக்கத்து ஈர மண்ணுக்குரியது வெடிவண்டு. வைக்கோல் போருக்கு அடியிலும் வாய்க்கால் ஓரத்துக் கல்லுக்கு அடியிலும் இருக்கும். லின்னேயஸே 1771இல் பெயரிட்ட பைமாகுலாட்டஸ் என்ற இனம்: கறுப்புச் சிறகு உறையில் இரண்டு மஞ்சள் புள்ளி, உறை குட்டையாக வெட்டப்பட்டு வயிற்று நுனி வெளியே தெரியும். தொட்டால் ‘டப்’ என்று சத்தம், கொஞ்சம் புகை, விரலில் சூடு. விரலில் காவி நிறக் கறை ஒன்று பிடிக்கும், சோப்புப் போட்டாலும் சில நாள் போகாது. வயிற்றுக்குள் இரண்டு அறை. ஒன்றில் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து இருக்கும். அடுத்த அறையில் நொதிகள். தசை இறுகி முதல் அறையின் திரவம் இரண்டாவதற்குள் போனதும் வேதிவினையில் வெப்பம் 100 டிகிரியைத் தொடும். குவினோன் ஆவியாகிப் பீறிடும். இதே குழுவின் ஆப்பிரிக்க இனம் ஒன்றை ஐஸ்னரும் கூட்டாளிகளும் ஆராய்ந்தபோது, அது ஒரே பீய்ச்சல் இல்லை, விநாடிக்கு ஐந்நூறு முறை அளவில் விட்டுவிட்டு அடிப்பது என்று 1990இல் தெரிந்தது. ஜப்பானிய வெடிவண்டு ஒன்றை விழுங்கிய தேரைகளில் 43 விழுக்காடு அதை உயிரோடு வாந்தியெடுத்துவிட்டன என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. அதே ஜப்பானிய இனத்தின் புழு பிள்ளைப்பூச்சியின் முட்டையைத் தின்று வளர்கிறது. பிள்ளைப்பூச்சி வளைக்குள் போய் முட்டையிருக்கும் அறையைத் தேடிப் பிடிக்கும். இதையெல்லாம் அறிய லின்னேயஸின் காலத்திலிருந்து இருநூறு ஆண்டு ஆயிற்று. முதல் பதிவில் இருந்தது இரண்டு புள்ளி மட்டும்.

ஊர்ப்பெயரை மட்டும் நம்பி நடந்த காலத்தில் அந்த ஊர்ப்பெயரும் தவறாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தரங்கம்பாடியே சாட்சி. பெர்லினில் ஹெர்ப்ஸ்ட் என்ற பாதிரியார் பூச்சிகளுக்குப் பெரிய படத்தொகுதி எழுதிக்கொண்டிருந்தார். 1806இல் ஒரு புலி வண்டைக் கையிலெடுத்தார். கருமை கலந்த வெண்கல நிறம், சிறகு உறையில் சாய்வான வெள்ளைக் கோடு. தரங்கம்பாடியிலிருந்து வந்தது என்று நம்பி சிசிண்டெலா டிரான்குபாரிகா என்று பெயர் வைத்தார். அந்த வண்டு தரங்கம்பாடியில் இல்லை, இந்தியாவிலேயே இல்லை. அது வட அமெரிக்க வண்டு. கனடாவிலிருந்து அமெரிக்காவின் தெற்கு வரை, கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை மணல் பாதைகளிலும் ஆற்றங்கரைகளிலும் ஓடித் திரிவது. அமெரிக்கர் தாமஸ் சே 1818இல் அதற்கு வல்காரிஸ் என்று பெயர் வைத்துப் பார்த்தார். எங்கும் கிடைப்பது என்று பொருள், அங்கே பொருத்தமான பெயர்தான். ஆனால் முதலில் அச்சான பெயருக்கே உரிமை. பொருந்தவில்லை என்பதற்காக அதை மாற்ற விதியில் இடமில்லை. கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் உப்பு மண் திட்டுகளில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஓர் உள்ளினத்தை 2007இல் தனியாகப் பிரித்தபோதும், அதன் முழுப்பெயரின் நடுவில் தரங்கம்பாடி உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பிழை எப்படி நேர்ந்திருக்கும்? என் ஊகம் இது. அன்றைக்குப் பூச்சியும் சங்கும் பாம்பும் விற்பனைச் சரக்கு. தரங்கம்பாடிக்கு அருகே தோட்டம் அமைத்து 1760 முதல் இருந்த மொராவியச் சகோதரர்கள் இயற்கைப் பொருட்களைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு விற்றே தங்கள் செலவில் ஒரு பகுதியைச் சமாளித்தார்கள். மிஷனில் இருந்த ஜான் ஐயர் மீன்களை பெர்லினுக்கு பிளாக் என்ற அறிஞரிடம் அனுப்பினார். அவர் பெயரால்தான் ஜானியஸ் என்ற கத்தாழை மீன் பேரினம். இப்படி வந்த சரக்கு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும். அலமாரி ஏலத்துக்குப் போகும், பெட்டி மாறும், ஊசியை எடுத்து இன்னொரு தக்கையில் குத்துவார்கள். அமெரிக்கச் சரக்கும் இந்தியச் சரக்கும் ஒரே இழுப்பறையில் கிடக்கும்போது, துண்டுச் சீட்டு ஒன்று நழுவினால் போதும்.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. டால்டார்ஃபின் பெயர் இருக்கிறது. செஹஸ்டெட்டின் பெயர் இருக்கிறது. பூச்சியைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்த கைகளின் பெயர் எங்கேயும் இல்லை. பொறையாறு வாய்க்கால்களில் இறங்கி, வைக்கோலைப் புரட்டி, விரலில் கறையோடு வந்து நின்ற ஆட்கள் இருந்திருக்கத்தான் வேண்டும். ஒரு லெப்டினன்ட் தானே குனிந்து அத்தனை வண்டும் பொறுக்கியிருப்பார் என்று, வயலில் பூச்சி சேகரித்துப் பார்த்த யாரும் நம்பமாட்டார்கள்.

நெல்வயலில் வண்டின் வேலை என்ன என்பது மிகவும் பிந்தித்தான் எழுத்தில் வந்தது. துன்பெரி, இவரும் லின்னேயஸின் மாணவர், 1784இல் விவரித்த ஒரு சின்ன வண்டு இன்று ஓபியோனியா இண்டிகா. செம்பழுப்பு உடம்பு, நீண்ட கழுத்து, நீலம் பாய்ந்த கருந்தலை. தரை வண்டுக் குடும்பம்தான், ஆனாலும் நெற்பயிரின் மேலேயே ஏறித் திரியும். இலைச்சுருட்டுப் புழு இலையை மடித்து நூலால் தைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் இல்லையா, அந்த மடிப்புக்குள் நுழைந்து புழுவைத் தின்னும். நாளுக்கு மூன்றிலிருந்து ஐந்து புழு வரை தின்னும் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் 1987ஆம் ஆண்டுக் கையேடு சொல்கிறது. பளபளக்கும் கறுப்புப் புழுவாக இருக்கும்போதும் அதற்கு இதே வேட்டைதான். கூட்டுப்புழுவாவது வரப்பு மண்ணில். வரப்பை மழித்துச் செதுக்கி மருந்தும் அடித்தால் அந்த வண்டுக்கு இடம் போய்விடும். மடிந்த இலையைப் பிரித்து, உள்ளே புழுவுக்குப் பதில் இந்த வண்டு உட்கார்ந்திருப்பதை ஒரு விவசாயிக்குக் காட்டினால் அவர் முகம் மாறும். வகைப்பாடு எதற்கு என்று கேட்டவர்களிடம் நான் வேறு எதுவும் சொன்னதில்லை, இலையைப் பிரித்துக் காட்டியிருக்கிறேன்.

இந்தியத் தரை வண்டுகளை ஒரே இடத்தில் எழுதிவைக்க முயன்றவர் ஹெர்பர்ட் எட்வர்டு ஆண்ட்ரூஸ். இந்தியாவில் வனத்துறையில் வேலை பார்த்தவர். அவருடைய சகோதரர் நீலகிரியிலிருந்து வண்டுகளைச் சேகரித்துக் கொடுத்தார். பழைய தொகுப்புகளில் இருந்த மூல மாதிரிகளை ஆராய்ந்து, யார் எதை இரண்டாம் முறை பெயரிட்டார்கள் என்று ஆண்டுக்கணக்கில் சிக்கெடுத்தார். பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் 1929இல் ஒரு தொகுதி, 1935இல் இன்னொன்று. இரண்டாவதன் அட்டையில் ஹார்பலினே – முதல் பகுதி என்று போட்டிருக்கும். அடுத்த பகுதி வரவேயில்லை. ஆண்ட்ரூஸ் 1950இல் இறந்தார். வெட்டுப்பட்ட அந்த வரிசையைத்தான் இன்னும் நாம் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

பழைய மாணவர்கள் இன்றும் போனில் வண்டுப் படம் அனுப்புவார்கள், இது என்ன மேடம் என்று கேட்டு. ஐப்பசி மழையில் திண்ணை விளக்குக்கு வந்து விழுந்ததாக இருக்கும், வரப்பில் ஓடியதாக இருக்கும். பெயர் சொல்வதற்கு முன்னால் நான் கேட்பது: எந்த ஊர், எந்த இடம், என்ன தேதி, எத்தனை மணி, மண் ஈரமா காய்ந்ததா, அது என்ன செய்துகொண்டிருந்தது, முதலில் பார்த்தது யார். பார்த்தது வீட்டில் வேலை செய்யும் அம்மாவாக இருந்தால் அவர் பெயரையும் எழுதச் சொல்வேன். வண்டோடு அந்தச் சீட்டையும் சேர்த்துக் குத்தினால்தான் பெட்டியில் இடம்.